எதிர்வீட்டு அக்காவின் காது

எங்கள் தெருவில் யாரும் அந்த அக்காவுக்கு எதிரே காலை நீட்டி உட்கார மாட்டார்கள். மரியாதைக்காக அல்ல. காலை நீட்டினால் அவர் குனிந்து, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கட்டைவிரலை வைத்து அழுத்துவார். விரலை எடுத்துவிட்டு, அழுத்திய இடத்தில் விழுந்த குழி எவ்வளவு நேரத்தில் மேலெழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். உடனே மறைந்தால் எழுந்து போய்விடுவார். மறையாவிட்டால் நிமிர்ந்து முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை வாங்கியவர்கள் அன்று பொழுதுக்கும் தங்கள் காலையே தடவிக்கொண்டிருப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் சேவூரிலிருந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். டவுன் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் அம்மா வீடு. இங்கேயும் பட்டுத்தறி, அங்கேயும் பட்டுத்தறி. எனக்கும் நெய்யத் தெரியும். ஆகவே புகுந்த வீடு என்று பெரிதாகப் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை, எதிர்வீட்டு அக்காவைத் தவிர.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. முதுகு நேராக, அளவுகோல் வைத்துக் கட்டியதுபோல இருக்கும். எல்லாத் தறிக்காரர்களுக்கும் நாற்பதிலேயே வளைந்துவிடுகிற முதுகு அது. விடிவதற்கு முன் எழுந்து, ஒரு செம்பு வெந்நீரை உட்கார்ந்த நிலையில் மடக்கு மடக்காகக் குடிப்பார். பிறகு வெறுங்காலோடு ஆற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வருவார். மழை பெய்தால் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடப்பார். வெயில் தெருவுக்குள் இறங்கும் நேரம் வீட்டு வாசலில் முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நிற்பார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். அதற்கப்புறம் அமுதமே கொடுத்தாலும் வாயில் வைக்க மாட்டார்.

இதையெல்லாம் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பேஜார் இல்லை. எங்களையும் விட மாட்டார். பார்த்தவுடன் மற்றவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், இவர், "தண்ணி எவ்ளோ குடிச்ச? வெளிக்கி ஒழுங்கா போச்சா?" என்பார், நாலு பேர் நிற்கும்போதே. ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் போய் நின்றுகொண்டு, "மெல்லுங்க. இன்னும் மெல்லுங்க. இப்ப முழுங்குங்க" என்று சொல்ல, அந்த மனுஷர் சம்பந்தி வீட்டு மரியாதையை விட முடியாமல் ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் முகத்தைப் பார்த்து உத்தரவு வாங்கி விழுங்கினார். நாங்கள் பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

தெருவில் பாவு நீட்டும் நாளில்தான் அவரிடமிருந்து தப்பவே முடியாது. விடியற்காலையில் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நூலைப் பிரித்துச் சரிசெய்வோம். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். கையெல்லாம் நூலில் இருக்கும்; நகர முடியாது. அவர் பாவு ஓரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்து வருவார். நூலைப் பார்க்க மாட்டார். வரிசையாக நிற்கும் கால்களைப் பார்ப்பார், நூலின் மேல் இருக்கும் நகங்களைப் பார்ப்பார். அவர் தாண்டிப் போகும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் அவரிடம் பயம் கிடையாது. அவருக்கு எல்லாமே விளையாட்டு. வாசலில் வேண்டுமென்றே இரண்டு காலையும் நீட்டி, "அழுத்துங்கக்கா. நல்லா அழுத்துங்க. எனக்கு இன்னா ஆயிடப் போவுது?" என்பார். அக்கா அழுத்துவார். குழி விழுந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடும். "பாத்தீங்களா?" என்று அவர் சிரிப்பார். அக்கா, "அஞ்சு தாருக்கு ஒரு தபா தறிக்குழிய வுட்டு மேல ஏறு. கோயில் கோபுரத்தப் பாரு, கண்ணுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தார் என்றால், பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் நூல் உருளை. அக்காவின் பிழைப்பு தார் சுற்றுவதுதான். முன்னறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ராட்டையைச் சுழற்றிக்கொண்டிருப்பார். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் வீட்டுக்கு ஒரு தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து, பலகையை இழுத்து அடிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். வெளியூர்க்காரருக்கு அது ஒரே இரைச்சல். அக்காவுக்கு அதில் ஒவ்வொரு காலும் தனித்தனியாகக் கேட்கும்.

எங்களுக்கு அது எப்படித் தெரியும் என்றால், அவருடைய ராட்டை நிற்கும். நூல் அறுந்து நிற்பது வேறு. அது சட்டென்று மறுபடி ஓடும். சில நேரம் நின்றது நின்றபடி இருக்கும். அப்போது தெருவில் நெய்துகொண்டிருக்கும் எல்லோருடைய தறியும் சட்டென்று மெதுவாகும். அக்கா எழுந்து வெளியே வந்து, ஏதாவது ஒரு வீட்டு வாசலில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பார். கூப்பிட மாட்டார். உள்ளே தறி ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, யாராவது வெளியே வந்தால், "நாளைக்குக் காலைல எங்கூட நடக்க அனுப்புங்க" என்பார். அவ்வளவுதான்.

நான் வருவதற்கு முன் அப்படி அவரோடு நடக்கப் போனவர்களில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள் என்று என் மாமியார் சொன்னார். மூலை வீட்டு மாமா, சாயப்பட்டறைக்காரர், இன்னொரு வீட்டு மருமகள். மூன்று பேரையும் விடியற்காலையில் அக்கா பாலம் வரை அழைத்துப் போனாராம். அங்கிருந்து அவர்கள் நடந்து திரும்பி வரவில்லையாம். பஸ் ஏறிப் போனதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். நாலைந்து நாள் கழித்து முகம் வெளுத்து வந்தார்களாம். அப்புறம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். "சில பேருக்குக் கொள்ளிக்கண்ணு. இவளுக்குக் கொள்ளிக்காது" என்பார் மாமியார். "நல்லா இருக்கிற கால அவ கேட்டா, அது நல்லா இருக்காது."

அதனால் தெருவில் ஒரு பழக்கம் வந்திருந்தது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கால்வலி, மூச்சுமுட்டு என்றால், அக்கா ராட்டையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த ஆளைத் தறியிலிருந்து இறக்கிவிட்டு, வேறு ஆளை நெய்ய வைப்பார்கள். தறி ஓடாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஓடவும் வேண்டும், திடமான காலாகவும் இருக்க வேண்டும். இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம். ஆனால் எல்லா வீட்டிலும் நடந்தது.

கல்யாணமான இரண்டாவது வருஷம், என் வீட்டுக்காரர் அக்காவுக்கு எதிரே காலை நீட்டுவதை விட்டுவிட்டார். முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு அடுப்படியில் இருக்கும்போது அவர் தறியில் ஏதோ பிசகுவது கேட்டது. வலது கால் மிதிப்பது சரியாக விழும். இடது கால் ஒரு துளி தாமதமாக வரும். மிதிக்கட்டைக் கயிறு தளர்ந்திருக்கும் என்று நினைத்து, அவர் சாப்பிடப் போனபோது நானே குழிக்குள் இறங்கிக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். மறுபடி அவர் உட்கார்ந்தார். அதே தாமதம். கயிற்றை இன்னொரு முறை கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாம் நாள் எதிர்வீட்டு ராட்டை நின்றது.

நான் வாசலுக்குப் போவதற்குள் அக்கா வந்து தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். "அவர நாளைக்குக் காலைல அனுப்பும்மா" என்றார்.

"அவருக்கு இன்னாக்கா? நல்லாத்தான் கீறாரு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே தறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார். மாமியார் உடனே உப்பும் மிளகாயும் எடுத்து மகனுக்குச் சுற்றிப் போட்டார். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியே வரவில்லை. அதைப் பார்த்து அவர் இன்னும் மிரண்டு போனார். அன்றிலிருந்து பகலில் நான் தறியில் உட்காருவது, அக்கா விளக்கு வைத்துக் கதவைச் சாத்தியபின் அவர் உட்காருவது என்று ஏற்பாடு ஆயிற்று.

ஒன்பது நாள் நெய்தேன். என் கால் நல்ல கால். அப்பாவிடம் கற்ற கால். அடி ஒன்றுபோல விழுந்தது. எதிரே ராட்டையும் ஒன்றுபோல ஓடியது. அக்காவை ஏமாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பத்தாம் நாள் ராட்டை நின்றது.

இந்த முறை அக்கா உள்ளேயே வந்துவிட்டார். குழிக்குப் பக்கத்தில் நின்று என் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"தறி நல்லாத்தான் ஓடுது. ஆனா இது உன் காலு" என்றார். "அதுகூட ரெண்டு நாளா மிதிக்கிறதுக்கு முன்ன கொஞ்சம் யோசிக்குது. நாள் தள்ளிப் போயிருக்கா?"

தள்ளிப் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. அதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

"இனிமே நீயும் ரொம்ப நேரம் குழியில உக்காராத" என்றார் அக்கா. "அவர அனுப்பு."

பயம் கோபமாக வந்தது. "உங்ககூட வந்த மூணு பேரும் எங்கக்கா?" என்று கேட்டேன்.

அவர், "காலைல வாசல்ல நிப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

நின்றார். மறுநாள் விடியற்காலை எங்கள் கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் நின்றது. மாமியார் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்கும் படிக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு உண்டு. அதன் வழியாக அக்காவின் பாதங்கள் தெரிந்தன. விரல்கள் விரிந்து, கொஞ்சமும் அசையாமல் இருந்தன. ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிற நேரம் நின்றுவிட்டு அவை திரும்பிப் போயின. அடுத்த நாளும் வந்தன. அதற்கடுத்த நாளும் வந்தன. அந்தப் பாதங்களைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன், பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் பாயைவிட்டு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "போய்ட்டு வந்துடறனே. ஒரு நடதான? காத்தாட இருக்கும். படுத்தா மூச்சு அடைக்கிது" என்றார். விளையாட்டே இல்லாத குரல். நான் அவர் கையைப் பிடித்து என் வயிற்றில் வைத்தேன். "வேணாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே பாதங்கள் போய்விட்டன.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் இருந்தார். ஒரு சாயங்காலம் விளக்கு வைத்தபின் தறியில் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வலது கால் விழுந்தது. இடது காலுக்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அக்கா அங்கே இருந்தார். அவர் வீட்டுக் கதவு சாத்தி அரைமணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் கதவு திறந்திருந்ததா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. குழிக்குள் இறங்கி, என் வீட்டுக்காரரின் காலை மடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். விரலை எடுத்தார். அந்தக் குழி அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா வந்தார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. "நீங்க கூப்ட்டதாலதான் போனாரு" என்றேன். வாய்விட்டுச் சொல்லியே தீர வேண்டும்போல இருந்தது.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"பாலம் வரைக்கும் நடந்தா ஆளு எங்க நின்னு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சிடும். நிக்காதவங்கள தினம் நடக்கச் சொல்லுவேன். நின்னாங்கன்னா அப்பிடியே மொத பஸ்ஸுல வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போவேன். வூட்ல சொன்னா வுட மாட்டாங்க, செலவு, தறி நின்னுடும், அது இதும்பாங்க. அதான் சொல்றதில்ல. போய்ட்டு வந்தவங்களும் தறிய வுட்டு எறக்கிடுவாங்கன்னு வாயத் தொறக்க மாட்டாங்க. சாயப்பட்டறக்காரருக்கு ரெண்டு மாசந்தான்னு சொன்னாங்க. பதினோரு மாசம் இருந்தாரு. பாலத்தண்ட டீக்கட வெச்சிருக்காரே, அவரையும் நாந்தான் கூட்டிகினு போனேன். உயிரோட கீறாரு. அவரப் பத்தி யாரு பேசறாங்க?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வூட்டுக்காரரு நெய்வாரு, நான் பக்கத்துலயே தார் சுத்திகினு இருப்பேன்" என்றார். "ஒரு தபா மூணு நாளு அவரு காலு தப்பா வுழுந்துது. எனக்குக் கேட்டுகினேதான் இருந்துது. ராட்டைய நிறுத்தி இன்னான்னு கேக்கல. பண்டிக வருது, பொடவை முடியட்டும்னு இருந்தேன்."

பிறகு என்னை நேராகப் பார்த்தார். "உனக்கும் கேட்டுது. கயித்த இஸ்துக் கட்னியே ரெண்டு தபா. அன்னிக்கே சத்தத்துலயே தெரிஞ்சிது எனக்கு. அதான் தைரியமா உன்கிட்ட வந்தேன்."

நான் இரண்டு முறை கட்டிய அந்த முடிச்சு தறிக்குழியில் அப்படியே இருந்தது.

மறுநாள் விடியற்காலை கதவிடுக்கில் மறுபடியும் அந்தப் பாதங்கள் தெரிந்தன. நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். பாலம் வரை நடந்தோம். புருஷனை முழுங்கினவளோடு இந்த வீட்டு மருமகளும் சேர்ந்துவிட்டாள் என்று தெரு பேசியது. மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் திரும்பி வரும் நேரத்துக்கு ஒரு செம்பில் வெந்நீர் வைத்திருப்பார்.

வயிறு இறங்கும் வரை நடந்தேன். பெண் பிறந்தாள். நாற்பது நாள் கழித்து மறுபடி நடந்தேன். அக்கா வழியில் அதிகம் பேச மாட்டார். தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும் நேரத்தில் நாங்கள் தெருவுக்குத் திரும்புவோம். அவர் நடை சில வீடுகளின் முன்னால் மெதுவாகும். எனக்கும் கேட்கும். கேட்கக் கூடாது என்று மனதுக்குள் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவேன். அப்போதும் பாட்டுக்கு அடியில் கேட்கும்.

அப்படிப் பத்து வருஷம். ஒரு நாள் அக்காவின் குதிகாலே எனக்குப் பிசகாகக் கேட்டது. அன்றைக்கே, அந்த இடத்திலேயே நின்று, "அக்கா, பஸ் வருது, ஏறுங்க" என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "ஜல்தியா கேட்டுட்டியே" என்றார். வேலூர் போய் மருந்து வாங்கி வந்தோம். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் என்னோடு நடந்தார். ஒரு காலையில் கதவு திறக்கவில்லை. பாயில் நேராகப் படுத்திருந்தார். பக்கத்தில் செம்பு கவிழ்த்து வைத்திருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை நிற்கவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு நான் அப்படி அழவில்லை; அவருக்காக அழ எனக்கு உரிமை இல்லை என்றே நினைத்திருந்தேன்.

அவருடைய ராட்டையை நான் எடுத்துக்கொண்டேன். பகலில் தார் சுற்றுகிறேன். எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜோடி குடி வந்தது. நல்ல பிள்ளைகள். அந்தப் பையன் வேகமாக நெய்வான். ஒரு திங்கட்கிழமை அவன் இடது கால் ஒரு துளி தாமதமாக விழுந்தது. நூல் அறுந்ததோ என்று என் கையைப் பார்த்தேன். நூல் அறுந்திருக்கவில்லை. ராட்டையை நான்தான் நிறுத்தியிருந்தேன். தெருவில் இரண்டு மூன்று தறிகள் சட்டென்று மெதுவானது கேட்டது.

எழுந்து போய் அந்த வாசலில் நின்றேன். தலையைச் சாய்த்திருப்பதை நின்ற பிறகுதான் உணர்ந்தேன். அந்தப் பெண் ஈரக்கையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நிலைப்படியில் கையை வைத்து வழியை மறித்துக்கொண்டாள்.

"அவர நாளைக்குக் காலைல எங்கூட நடக்க அனுப்பும்மா" என்றேன்.

"அவரு இல்லீங்கக்கா. களம்பூர் போய்க்கீறாரு" என்றாள். உள்ளே தறி நின்றது.

அவளுக்கு வேலூர், பஸ், டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அக்காவைப் போல மறைக்கவில்லை. நான் பேசும்போது அவள் என் வாயைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து ராட்டையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அடி ஒன்றுபோல, நல்ல திடமாக விழுந்தது. அது அவளுடைய கால்.

மறுநாள் வெந்நீர் குடித்துவிட்டு, விடிவதற்கு முன் போய் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். அங்கேயும் கதவுக்கும் படிக்கும் நடுவில் இடுக்கு இருந்தது. என் பாதங்கள் உள்ளே தெரியும் என்று எனக்குத் தெரியும். தாழ்ப்பாளை யாரோ இறுக்கிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், பாயில் ஒருவன் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவதும் கேட்டது. நான் நகரவில்லை.